மட்டக்களப்பில் நடந்த பெஞ்ச்மார்க்கிங் பயிற்சி: காசு கொடுத்துப் போகலாமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போகலாம். ஆனால் எல்லோரும் போகவேண்டியதில்லை. மாதம்தோறும் எண்களைச் சேர்த்து மேலே அனுப்புகிற வேலை உங்களுடையது என்றால், அந்த எண்கள் வருடக் கடைசியில் வேறொரு கணக்கோடு முட்டிக்கொள்கின்றன என்றால், கட்டாயம் போங்கள். சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ்தான் வேண்டும் என்றால் இதைவிட லேசான வகுப்புகள் ஊரிலேயே நிறைய இருக்கின்றன.

நடத்தியது ஒரு சிறிய தனியார் பயிற்சி நிலையம். குறைகளும் எழுதப்போகிறேன், அதனால் பெயர் போடவில்லை. சனி, ஞாயிறுகளில் வகுப்பு. அரச உத்தியோகத்தர்கள் பாதிப்பேர், மீதி என்.ஜி.ஓ. ஆட்கள், இரண்டு மூன்று வங்கிக்காரர்கள், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒலுவில் பக்கமிருந்தும் சில மாணவர்கள். கல்முனை, அக்கரைப்பற்றிலிருந்து விடிய பஸ் ஏறி வந்தவர்களும் இருந்தார்கள். இந்த மாதிரி விஷயத்துக்கு இரவுக் கோச்சி பிடித்துக் கொழும்புக்குப் போய், அங்கே தங்கி, ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு வருவதுதான் இதுவரை வழக்கம். அந்தச் செலவோடு பார்த்தால் இங்கே வாங்கிய கட்டணம் ஒன்றும் பெரிதில்லை.

பயிற்சி எதைப் பற்றியது என்று கேட்பவர்களுக்கு: உங்களிடம் மாதாமாதம் அல்லது காலாண்டுக்கு ஒருமுறை வரும் ஒரு தொடர் இருக்கிறது. அது சுறுக்காக வரும், ஆனால் அரைகுறை. வருடம் முடிந்து, பலவேளை அடுத்த வருட நடுப்பகுதியில், இன்னொரு மொத்தக் கணக்கு வரும். அது தாமதம், ஆனால் கூடுதலாக நம்பலாம். பன்னிரண்டு மாதத்தையும் கூட்டினால் அந்த மொத்தம் வரவேண்டும். வராது. நான் பார்த்த எந்த அலுவலகத்திலும் வந்ததில்லை. அந்த மாத எண்களை, அவற்றின் ஏற்ற இறக்கத்தைக் கெடுக்காமல், வருட மொத்தத்தோடு ஒத்துப்போகச் செய்யும் முறைகளுக்குத்தான் பெஞ்ச்மார்க்கிங் என்று பெயர். நாட்டின் காலாண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியை வருடக் கணக்கோடு இணைப்பதும் இதே முறைகளால்தான்.

என்னுடையது பால் கணக்கு. செங்கலடிப் பக்கத்துச் சேகரிப்பு நிலையங்களிலிருந்து மாதாந்த லீற்றர் கணக்கு தொலைபேசியில் வரும், சிலவேளை வாட்ஸ்அப்பில் கொப்பித்தாளைப் படம் பிடித்து அனுப்புவார்கள். கணக்காய்வு முடிந்து வரும் வருட மொத்தம் எப்போதும் அதைவிடக் கூட. ஒரு நிலையம் ஒரு மாதம் அனுப்ப மறந்திருக்கும், புதிதாகத் திறந்த நிலையம் பட்டியலிலேயே ஏறியிருக்காது. மேய்ச்சலுக்காக மாடுகளைத் தூரத்துக்குக் கொண்டுபோகும் மாதங்களில் வரவும் குறையும், அறிக்கையும் குறையும். இரண்டில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொன்னால் யாராலும் முடியாது. இப்படியான ஒரு சிக்கலைக் கையில் வைத்துக்கொண்டு போனவன் எழுதும் விமர்சனம் இது, அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதல் நாள் காலை வீண். ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருளை எல்லோருடைய மடிக்கணினியிலும் அங்கேயே இணையத்திலிருந்து இறக்கி நிறுவப் பார்த்தார்கள். அத்தனை பேர் ஒரே வைஃபையில் தொங்கினால் என்ன நடக்கும் என்று சொல்லவா வேண்டும். முன்கூட்டியே ஒரு பென்டிரைவில் போட்டு வைத்திருந்தால் தேநீர் நேரத்துக்கு முன்பே முடிந்திருக்கும். பாதி அறைக்குத்தான் ஏசி காற்று போனது, யன்னல் பக்கம் இருந்தவர்கள் வியர்வையில் நனைந்தார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது, சட்டித்தயிரும் வைத்தார்கள்.

பாடம் நடத்தியவர் ஓய்வுபெற்ற புள்ளிவிபரக்காரர், கணினிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் ஓர் இளம் பெண். சேர் கரும்பலகையில் போட்ட முதல் கணக்கு இப்போதும் அப்படியே மனதில் இருக்கிறது. ஒரு குறிகாட்டி, அதாவது சுறுக்காக வரும் அந்த அரைகுறைத் தொடர், இரண்டு வருடத்துக்கும் ஒவ்வொரு காலாண்டிலும் 100. அசையவே இல்லை. முதல் வருட உண்மை மொத்தம் 4000, இரண்டாம் வருடம் 4400. விகிதம் போட்டுப் பங்கிட்டால் முதல் வருடக் காலாண்டுகள் எல்லாம் 1000, இரண்டாம் வருடம் எல்லாம் 1100. கூட்டினால் சரியாக வருகிறது, கதிரையில் சாய்ந்துகொள்ளலாம் என்று நினைக்கும்போது கேட்டார்: “மகன், டிசம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் பத்து வீதம் ஏன் எகிறியது? என்ன நடந்தது அந்த இரவில்?” ஒன்றும் நடக்கவில்லை. நாம் போட்ட கணக்குத்தான் அந்தப் படியைக் கட்டியது. நமது அலுவலகங்களில் பெரும்பாலானவர்கள் எக்செலில் இன்றைக்கும் செய்வது இதைத்தான். ஒவ்வொரு வருடமும் முதலாம் காலாண்டில் ஒரு வளர்ச்சியோ வீழ்ச்சியோ தெரியும், அதற்கு அறிக்கையில் ஒரு காரணமும் கண்டுபிடித்து எழுதிவிடுவார்கள்.

பிறகு அதே எண்களை டென்டன் முறையில் போட்டுக் காட்டினார். ஃபிராங்க் டென்டன் 1971-இல் எழுதிய கட்டுரையில் இருக்கிற யோசனை எளிமையானது: மொத்தம் ஒத்துப்போகவேண்டும், ஆனால் குறிகாட்டிக்கும் திருத்திய எண்ணுக்கும் இடையிலான விகிதம் ஒரு காலாண்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது முடிந்தவரை குறைவாக அசையவேண்டும். அப்படிப் போட்டால் முதல் வருடம் 977, 986, 1005, 1032 என்று வரும், இரண்டாம் வருடம் 1068, 1095, 1114, 1123. கூட்டிப் பாருங்கள், 4000, 4400 என்று சரியாக வரும். பத்து வீதப் பாய்ச்சல் போய்விட்டது. ஆகப் பெரிய நகர்வே 1032-லிருந்து 1068-க்கு, மூன்றரை வீதம். அறையில் பலர் கைத்தொலைபேசியில் கூட்டிப் பார்த்தார்கள். இந்த ஒரு கணக்குக்காகவே கொடுத்த காசில் பாதி சரி என்பேன்.

இதில் இன்னொரு நுணுக்கத்தையும் விடாமல் சொன்னார்கள், அதற்குத் தனிப் பாராட்டு. டென்டன் எழுதிய மூல வடிவத்தில் தொடரின் தொடக்கத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. முதல் எண்ணுக்கு முந்திய திருத்தம் பூச்சியம் என்று அது எடுத்துக்கொள்வதால், குறிகாட்டியின் மட்டமும் உண்மை மட்டமும் தூரமாக இருந்தால் முதல் சில காலாண்டுகள் இல்லாத ஒரு அலையைக் காட்டும். 1984-இல் ஷோலெட் அதை நீக்கினார். அவர் கனடாப் புள்ளிவிபர நிறுவனத்தில் இருந்தவர், இந்தத் துறையில் பாதிச் சரக்கு அங்கிருந்துதான் வருகிறது. டெம்ப்டிஸக் (tempdisagg) என்ற ஆர் தொகுப்பில் டென்டன், டென்டன்-ஷோலெட் இரண்டும் தனித்தனியே இருக்கின்றன. பெயர் சின்னதாக இருக்கிறதே என்று முதலாவதைத் தட்டிவிட்டால் தொடக்கம் கெட்டுப்போகும். முறையே சொல்லாமல் விட்டால் அது தானாக எடுத்துக்கொள்வது சோ-லின் வகையை, அது வேறு கதை. அதேபோல லீற்றர், ரூபா மாதிரிக் கூட்டக்கூடியவற்றுக்குக் கூட்டல், விலைச்சுட்டெண்ணுக்குச் சராசரி, வருடக் கடைசி மாட்டுத்தொகை மாதிரியான இருப்புக்குக் கடைசி மாதம் என்று எதை எங்கே தெரிவுசெய்வது என்பதையும் அந்தப் பெண் பொறுமையாகக் காட்டினார். யாராவது பின்தங்கினால் அவரே எழுந்து வந்து பார்த்தார்.

சோ-லின் முறைக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கியதில் எனக்கு உடன்பாடில்லை. அதுவும் 1971-இல் வந்ததுதான், பின்னடைவுச் சமன்பாடு (ரிக்ரெஷன்) போட்டு, அதாவது வருட மொத்தத்துக்கும் குறிகாட்டிக்கும் உள்ள தொடர்பைப் பழைய வருடங்களிலிருந்து கணித்து, வருட எண்ணைக் காலாண்டாக உடைக்கும் முறை. நீண்ட வருடத்தொடர் வைத்திருப்பவர்களுக்குச் சரி. நம்மில் பெரும்பாலானோரிடம் இருப்பது ஏழெட்டு வருடம். அந்த ஏழெட்டுப் புள்ளியில் பின்னடைவு போட்டு என்னத்தை நம்புவது? சேரே இடைவேளையில் அதை ஒத்துக்கொண்டார். பிறகு ஏன் அதற்கு அரை நாள்? அந்த நேரத்தில் பூச்சியப் பிரச்சினையைச் சொல்லித் தந்திருக்கலாம். நெல்லைப் பாருங்கள். பெரும்போக அறுவடை வந்து விழும் மாதங்கள் சில, சிறுபோகத்துக்குச் சில, இடையில் ஒன்றுமில்லை. குறிகாட்டியில் பூச்சியம் இருந்தால் விகித முறை பூச்சியத்தால் வகுக்கப் போய் நின்றுவிடும். விகிதத்துக்குப் பதிலாக வித்தியாசத்தைப் பார்க்கும் கூட்டல் முறைக்கு மாறினால் ஓடும், ஆனால் அறுவடையே இல்லாத மாதத்தில் நெல் விளைந்ததாகவோ மறை எண்ணாகவோ காட்டக்கூடும். வயல் கணக்கு வைத்திருக்கும் அம்பாறை மாவட்டத்துக்காரர்கள் பாதி அறையை நிரப்பியிருக்கும்போது இதைக் கேள்வி நேரத்துக்குத் தள்ளியது சரியில்லை.

இனி இரண்டாம் நாள் பிற்பகல். கடற்றொழில் கணக்குப் பார்க்கும் ஒரு சகோதரி, கல்முனைப் பக்கம், கையை உயர்த்திக் கேட்டார்: “சேர், சுனாமி வருடத்தை இதுக்குள்ள எப்படிப் போடுறது?”

அதுவரை ஓடிக்கொண்டிருந்த ஸ்லைடை நிறுத்திவிட்டு அவர் கரும்பலகைக்குப் போனார். அலை வந்தது 2004 டிசம்பர் 26. அந்த வருடம் முடிய ஐந்தாறு நாள்தான் இருந்தது, ஆகவே 2004-இன் வருட மொத்தத்தில் அழிவு ஏறக்குறையத் தெரியாது. 2005-இன் மொத்தம் அப்படியே விழுந்திருக்கும். இப்போது உங்கள் குறிகாட்டி பதிவேட்டில் உள்ள படகு எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள், பதிவேட்டை யாரும் அந்த நேரம் திருத்தவில்லை, எண் அப்படியே தட்டையாக நிற்கிறது. டென்டனுக்கு இரண்டு மொத்தங்களுக்கும் இடையில் ஒரு சரிவு தேவை. மெதுவாகச் சரிவதுதான் அதற்குப் பிடிக்கும். ஆகவே 2004-இன் மூன்றாம், நான்காம் காலாண்டிலேயே மீன்பாடு இறங்கத் தொடங்கிவிட்டதாகக் காட்டும், அதை ஈடுசெய்ய வருடத் தொடக்கத்தைத் தூக்கிவிடும். கடல் பொங்குவதற்கு மாதக்கணக்கு முன்பே கரையில் தொழில் படுத்துவிட்டது என்று உங்கள் அறிக்கை சொல்லும். யாராவது பின்னாளில் அதைப் பார்த்து ஆய்வுக்கட்டுரையும் எழுதுவார்கள்.

அறை அமைதியாகிவிட்டது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அங்கே இருந்தவர்களில் பலருக்கு அந்த வருடம் வெறும் எண் இல்லை.

தீர்வையும் சொன்னார். உடைவு நடந்த இடம் உங்களுக்குத் தெரியும் என்றால் தொடரை அந்த இடத்தில் வெட்டி இரண்டாகத் திருத்துங்கள். இல்லாவிட்டால் குறிகாட்டியிலேயே அந்த அடியைக் காட்டும்படி வேறு தகவலைச் சேருங்கள், ஐஸ் விற்பனை, எரிபொருள், எது கிடைக்கிறதோ அது. மென்பொருளுக்கு வரலாறு தெரியாது, அதைச் சொல்லவேண்டியது ஊரில் இருக்கிற ஆள். என் பால் கணக்கிலும் ஒரு நிலையம் திடீரென்று மூடப்பட்ட மாதம் ஒன்று இருக்கிறது. அதற்கு என்ன செய்வது என்று அப்போதுதான் பிடிபட்டது.

அங்கிருந்து பேச்சு குடித்தொகைக்குப் போனது, அதுவும் நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல். குடிசன மதிப்பீடுதான் ஆகப் பெரிய அடையாளப் புள்ளி, அதாவது மற்ற எண்கள் ஒத்துப்போகவேண்டிய மொத்தம். 1981-இல் மட்டக்களப்பு மாவட்டத்தில் 3 லட்சத்து 30 ஆயிரம் பேர். 2001 கணக்கெடுப்பு அம்பாறையில் முழுமையாக நடந்தது, இங்கே போர் காரணமாக முழுமையாக நடக்கவில்லை. அடுத்த முழு எண் 2012-இல்தான், 5 லட்சத்து 26 ஆயிரம். இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் 31 வருடம். 1990-இன் இடப்பெயர்வு, சுனாமி, 2006, 2007-இல் வாகரை, படுவான்கரைச் சனம் முகாம்களில் இருந்த காலம் எல்லாம் அந்த 31 வருடத்துக்குள்தான். அதன் மேல் மென்மையான ஒரு கோட்டை இழுத்தால் கோடு அழகாகத்தான் இருக்கும். நாட்டு மட்டத்திலும் இதே கூத்து உண்டு: 2023 நடுவாண்டு மதிப்பீடு 2 கோடி 20 லட்சம் அளவில் இருந்தது, 2024 கணக்கெடுப்பில் வந்தது 2 கோடி 17 லட்சம் சொச்சம். இடைப்பட்ட வருடங்களைப் பின்னோக்கித் திருத்தாமல் விட்டால், ஒரே வருடத்தில் லட்சக்கணக்கானோர் காணாமல் போனது போலத் தெரியும். முதல் நாள் பார்த்த 1000, 1100 படியேதான், இறங்குமுகமாக.

இங்கேதான் எனக்குப் பெரிய குறை. வருட மொத்தம் எப்போதும் உண்மை, மாத எண்தான் வளையவேண்டும் என்ற எண்ணத்திலேயே பாடத்திட்டம் முழுக்கப் போகிறது. அந்தச் சகோதரி கேட்டிருக்காவிட்டால் இதற்கு எதிரான பேச்சே வந்திருக்காது. கணக்காய்வு செய்த மொத்தத்திலும் பிழை வரும். ஒரு வருடம் மட்டும் விகிதம் மற்ற வருடங்களைவிடத் தாறுமாறாக இருந்தால், திருத்த முன் அந்த வருட மொத்தத்தை முதலில் சந்தேகிக்கவேண்டாமா? மொத்தத்தையே கட்டாயமாக எடுக்காமல் ஓரளவு தளர்வோடு எடுக்கும் முறைகளும் இருக்கின்றன, டாகும், ஷோலெட் போன்றவர்கள் விரிவாக எழுதியவைதான். கையேட்டில் அதற்கு ஒரே ஒரு பத்தி, அதுவும் ஆங்கிலத்தில். பெஞ்ச்மார்க்கிங் செய்தபின் இரண்டு கணக்கும் ஒத்துப்போகும். எந்தக் கணக்கு சரி என்று அது சொல்லாது, அதை விசாரிக்கும் வழியைப் பாடமாகவே வைத்திருக்கவேண்டும். ஒழுங்காக நடத்தினால் மூன்றாவது நாளே அதற்குத் தேவைப்படும்.

வால் பகுதியைப் பற்றியும் சொல்லவேண்டும், மேலதிகாரியோடு சண்டை வரப்போவது அங்கேதான். நடப்பு வருடத்துக்கு மொத்தம் இன்னும் வரவில்லை, ஆனால் காலாண்டு எண்ணை அனுப்பியாகவேண்டும். டென்டனில் கடைசி விகிதத்தை அப்படியே முன்னுக்கு நீட்டுவார்கள். மேலே சொன்ன கணக்கில் கடைசி எண் 1123, ஆகவே மூன்றாம் வருடக் காலாண்டுகளும் 1123, வருடத்துக்கு 4492. பிறகு உண்மை மொத்தம் 4400 என்றே வந்தால்? மூன்றாம் வருடம் மட்டும் மாறாது. ஏற்கெனவே அனுப்பிவிட்ட இரண்டாம் வருடத்தின் 1123 இப்போது 1116 ஆகும், முதல் வருடத்தின் 1032 கூட 1034 ஆகும். “போன வருட எண்ணை ஏன் மாற்றினாய்?” என்று கேட்கும் முகாமையாளருக்கு இதை விளக்குவது எப்படி என்று ஒரு சின்ன நாடகமாகவே நடத்திக் காட்டினார்கள். ஒருவர் முகாமையாளர், ஒருவர் உத்தியோகத்தர். சிரிப்பாகவும் இருந்தது, பிரயோசனமாகவும் இருந்தது. எந்த மாதத்தில் எத்தனை வருடம் பின்னோக்கித் திருத்துவோம் என்று முன்கூட்டியே எழுதி அறிவித்துவிடுங்கள் என்பது சேரின் ஆலோசனை. எங்கள் இடத்தில் அதைச் சொல்லிப் பார்த்தேன், கணக்காளர் தலையாட்டினார், மற்றவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள்.

கையேடு பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு வெள்ளை நகலில் மூன்று கோடுகள் உள்ள வரைபடத்தை அச்சடித்தால் எது குறிகாட்டி, எது திருத்தியது என்று யாருக்குத் தெரியும்? வாயால் சொன்னதெல்லாம் நல்ல தமிழில், கேட்கும்போது புரிந்தது. வீட்டுக்குப் போய்த் திறந்தால் எல்லாம் ஆங்கில ஸ்லைடு. சர்வதேச நாணய நிதியத்தின் காலாண்டுத் தேசியக் கணக்குக் கையேடு, 2017 பதிப்பு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதன் ஆறாம் அத்தியாயம் முழுக்க இதுதான். ஆங்கிலம் வாசிக்கச் சிரமமில்லாதவர்கள் அதைப் படித்தாலே கோட்பாட்டுப் பக்கம் சரிவரும். பயிற்சி நிலையம் தரவேண்டியது தமிழில் ஒரு பத்துப் பக்கம், நம்மூர் எண்களோடு. கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், நீங்களும் போனால் எழுதுங்கள், இரண்டு மூன்று பேர் கேட்டால் செய்வார்கள்.

எக்செலில் தேடல் வாய்ப்பாடு போடத் தடுமாறுகிறவர்களுக்கு இது இப்போதைக்கு வேண்டாம். எங்கள் வரிசையில் ஒருவர் முழு நேரமும் பக்கத்தில் இருப்பவருடைய திரையைப் பார்த்தே கழித்தார், பாவம். ஆர் தெரிந்திருக்கவேண்டியதில்லை, கொடுத்த வரிகளில் கோப்பின் பெயரையும் நிரலின் பெயரையும் மாற்றத் தெரிந்தால் போதும்.

அடுத்த தொகுதியைக் கல்முனையில் வைக்க யோசிப்பதாகச் சொன்னார்கள். போகிறவர்கள் ஆர் மென்பொருளையும் டெம்ப்டிஸக் தொகுப்பையும் வீட்டிலேயே நிறுவிக்கொண்டு போங்கள். உங்கள் அலுவலகத் தொடர் ஒன்றை, குறைந்தது ஐந்து வருடத்துக்கு, மாதமும் வருட மொத்தமுமாகக் கொண்டுபோங்கள். பயிற்சித் தரவில் எல்லாமே ஒழுங்காகத்தான் வரும், உங்கள் தரவைப் போட்டால்தான் கேள்வி வரும். தொடரில் வெள்ளம், இடப்பெயர்வு, நிலையம் மூடியது என்று எந்த மாதத்தில் என்ன நடந்தது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள், சேர் முதலில் கேட்பது அதைத்தான். யன்னல் பக்கம் மட்டும் உட்காராதீர்கள்.